எண்ணில் சேராதவன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் போகிறபோக்கில் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்த ‘நூம் மே ஸ்கொல்லி’ என்ற தென்னாப்பிரிக்கப் படத்தை நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பார்த்தோம். குற்றப்படம் என்று நம்பி உட்கார்ந்த இருவர் பாதியில் போனை எடுத்துவிட்டார்கள். ஒருவர் சிறுவன் மீதான வன்கொடுமைக் காட்சியில் எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. எனக்கோ நாயகனே பிடிபடவில்லை. இரண்டு வருடம் சிறையில் கதை சொல்லியே காலம் தள்ளுகிறான். வெளியே வந்த பிறகும் எழுத வேண்டும் என்கிறான். ஆயிரத்தொரு இரவுகளை ஜெயிலுக்குள் வைத்தது போல இருக்கிறது. நிஜத்தில் இப்படி நடக்குமா? சிறைக் கும்பல்களை இவ்வளவு நேரம் காட்டுவது அவர்களுக்கு விளம்பரம் ஆகிவிடாதா? கடைசியாக, என் மகனுக்கு 15 வயது. அவனுக்குக் காட்டலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதல் தடவை பார்த்தபோது நானும் நடுவில் எழுந்து டீ போடப் போனேன். எனவே போனை எடுத்த நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் தடவைதான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது.

நிஜத்தில் நடக்குமா என்று கேட்கிறீர்கள். நடந்தது. 2016-இல் டாரின் ஜோஷுவா இயக்கிய அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர் ஜான் டபிள்யூ. ஃபிரெடரிக்ஸ். கேப் டவுனை ஒட்டிய மணல்வெளியான கேப் ஃப்ளாட்ஸில் வளர்ந்து, இளம் வயதில் சிறைக்குப் போய், அங்கே கதை சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டவர். நாயகன் ஆபிரகாம் அவரேதான். அந்த ஆண்டு ஆஸ்கருக்குத் தென்னாப்பிரிக்கா அனுப்பிய படம் இது.

ஆனால் ஆயிரத்தொரு இரவுகள் என்ற ஒப்பீடு எனக்கு ஒட்டவில்லை. அங்கே கேட்பவன் ஒரே ஒரு ராஜா. அவனுக்குப் பிடித்தால் போதும். ஆபிரகாமுக்கு முன்னால் ஒரு அறை நிறைய ஆட்கள், அவர்களுக்குள் ஒரு படிநிலை. தலைவனுக்குக் கதை பிடித்திருக்கிறது என்பதே அவனுக்குப் பாதுகாப்பு. அதே காரணத்தால் அவன் தலைவனின் சொத்தும் ஆகிவிடுகிறான். சினிமா இல்லாத இடத்தில் அவன்தான் சினிமா. தியேட்டர் முதலாளி வேறொருவன்.

இந்தப் படிநிலை என்னவென்று தெரியாவிட்டால் படம் மெதுவாகத்தான் நகரும். அங்குள்ள சிறைக் கும்பல்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: 26, 27, 28. மொத்தமாகச் சொன்னால் ‘நம்பர்’. மேலோட்டமாகச் சொல்வதென்றால், 26 பணம் சேர்க்கும் கூட்டம், 27 ரத்தத்தால் விதியைக் காக்கும் கூட்டம். 28-இல் போர்வீரர்கள் ஒரு வரிசை, ‘வெய்ஃபி’ என்று மனைவிகளாக வைத்துக்கொள்ளப்படும் ஆண்கள் இன்னொரு வரிசை. உள்ளே புதிதாக வரும் இளைஞனை எது விழுங்கக் காத்திருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இந்த எண்கள் நிற்பதே ஒரு கதையின் மேல்தான். போ என்ற முதியவர் சுரங்கத்தில் ஆட்கள் சாவதைப் பார்த்து, நோங்கோலோசா, கிலிகிஜான் என்ற இரண்டு இளைஞர்களுக்குக் கொள்ளையடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு காளை வருகிறது, அதன் தோல் வருகிறது. சட்டம் பொறித்த பாறை வருகிறது. ஒரு வடிவத்தில் அந்தப் பாறை உடைந்து பாதி ஆற்றோடு போய்விடுகிறது. அப்புறம் எது விதி, எது விதியில்லை என்று நிரந்தரச் சண்டை. கும்பலில் சேருகிறவன் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். சேர்ந்தவன்தானா என்று சோதிக்க வார்த்தை வார்த்தையாகக் கேள்வி கேட்பார்கள். தப்பாகச் சொன்னால் உடம்பு பதில் சொல்லும். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த நமக்கு, தப்பாகச் சொன்னால் உதை விழும் புராணம் என்பது கொஞ்சம் புதிதுதான்.

நோங்கோலோசா நிஜமான ஆள். ம்சுசெஃபி மதெபுலா என்பது அவர் பெயர். 1867-இல் பிறந்தவர். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் நினிவேக்காரர்கள் என்ற கொள்ளைக்கூட்டத்தை நடத்தினார். 1912-இல் அதைத் துறந்தார். பிறகு சிறைக்காவலராகவே வேலை பார்த்தார். கும்பல்களின் ஆதி தலைவர், சீருடை போட்டுச் சாவிக்கொத்தோடு நடந்திருக்கிறார்! புராணத்து நோங்கோலோசா மட்டும் ராஜாவாகவே இருக்கிறார்.

இப்போது உங்கள் நாயகனைப் பாருங்கள். எல்லோரும் ஒரே கதையை ஒப்பிக்கிற அறையில், அந்தக் கதையில் இல்லாத வேறு கதை சொல்ல ஒருவன் வருகிறான். நண்பன் கிம்பா கும்பலில் சேர்ந்து தனக்கொரு எண்ணை வாங்கிக்கொள்கிறான். இவன் வாங்கவில்லை. நாயகன் ஒன்றும் செய்யவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது. அந்த இடத்தில் அவன் செய்ததைவிடப் பெரிய சண்டைக்காட்சி ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. வெளியே வந்த பிறகு கொலை வழக்கு, தூக்குக்கயிறு. நீதிமன்றத்திலும் அவனிடம் இருப்பது வாய் மட்டும்தான். தென்னாப்பிரிக்காவில் மரண தண்டனையை அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது 1995-இல்தான், இந்தக் கதை நடப்பதோ அறுபதுகளில்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘என்னைத் திருடன் என்று கூப்பிடு’ என்று வைத்திருக்கிறார்கள். ஸ்கொல்லி என்றால் திருடன் இல்லை. நம் ‘பொறுக்கி’க்குப் பக்கத்தில் வரும் சொல். திருடன் என்று சொல்ல ஒரு திருட்டு வேண்டும். பொறுக்கி என்று சொல்ல எதுவும் வேண்டாம், தெருமுனையில் நின்றாலே போதும். படம் பேசும் மொழியும் அப்படி ஏளனம் பட்டதுதான். டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியைக் கேப் பகுதி மக்கள் பேசும் விதம் அது, காப்ஸ் என்பார்கள். இலக்கணவாதிகளுக்கு அது கொச்சை. ஆனால் அதே கேப் டவுனின் முஸ்லிம்களுக்காக, ஆஃப்ரிகான்ஸை அரபு எழுத்தில் எழுதி 1877-இலேயே ஒரு மதநூல் அச்சாகியிருக்கிறது. அதை எழுதியவர் அபூபக்கர் எஃபெந்தி. ஊர்க்காரர்களுக்கு இந்தப் படம் தங்கள் வாய்மொழியைத் திரையில் கேட்கிற அனுபவம். உங்களுக்கும் எனக்கும் அது சப்டைட்டில்.

விளம்பரம் ஆகிவிடாதா என்ற கேள்வி அங்கே பழசு. ‘யிஸோ யிஸோ’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர், கறுப்பர் குடியிருப்புப் பள்ளிக்கூடம் ஒன்றின் கதை. 2001-இல் அதன் இரண்டாம் பருவத்தில் சிறைக்குள் ஓர் ஆண் வன்புணரப்படும் காட்சி வந்தபோது விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது, தொடரை நிறுத்தச் சொன்னார்கள். நான் அந்தக் காட்சியின் பக்கம்தான். கும்பலைப் பார்த்துப் பிரமிக்கும் பையனுக்குத் துப்பாக்கியைக் காட்டுவதுதான் விளம்பரம். உள்ளே போனால் என்ன ஆகும் என்று காட்டுவதை எந்தக் கும்பலும் விளம்பரம் என்று சொல்லாது. சிறுவன் காட்சியில் எழுந்து போன நண்பரிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம். அவர் எழுந்துபோனது நியாயம்.

மகனுக்கு இப்போது வேண்டாம். இரண்டு மூன்று வருடம் போகட்டும். அப்போதும் அவனைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நீங்கள் மறுபடி பார்ப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். சிறை அறையில் அவன் கதை சொல்லும் இடம் வந்ததும் சப்டைட்டிலை அணைத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களை மட்டும் பாருங்கள். என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.