பிளக் பாயிண்ட் தேடி அலைய வேண்டாம்

தம்பி, மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்படப் போவதாகவும், தூக்கிக்கொண்டு திரிய வசதியாக, சார்ஜ் நாள் முழுக்க நிற்கிற மடிக்கணினி எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கூடவே அறை எப்படிப் பிடிப்பது, வங்கிக் கணக்கு எப்போது தொடங்குவது, பகுதிநேர வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவையெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். வந்து இறங்கிய வாரத்திலேயே உடன் படிக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். மடிக்கணினி விஷயம் அப்படி இல்லை. புறப்படும் அவசரத்தில் பணத்தைக் கொட்டி ஒன்றை வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை அதைத்தான் சுமந்தாக வேண்டும். ஆகவே அதற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இங்கே மாணவரின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் அறையைப் பூட்டினால் இரவுதான் திறப்பீர்கள். முதல் வகுப்பு ஒரு கட்டடத்தில், அடுத்தது வேறொரு கட்டடத்தில், நடுவில் நூலகம், மாலையில் குழுவாகச் செய்யும் வேலை. இடையில் அறைக்குப் போய் சார்ஜ் போட்டுக்கொண்டு வரலாம் என்ற பேச்சே கிடையாது. பழைய விரிவுரை அரங்குகளில் பிளக் பாயிண்ட் சுவரோரம்தான் இருக்கும். நடு வரிசையில் உட்கார்ந்தவருக்கு அதுவும் எட்டாது.

நான் வந்தபோது என் கையில் இருந்தது கணினி விளையாட்டுக்காகச் செய்த பெரிய மடிக்கணினி. எனக்கு முன்பே வெளிநாட்டில் குடியேறிவிட்ட உறவினர் ஒருவர், ‘படிக்கப் போகிற பிள்ளை, இருப்பதிலேயே சக்தி வாய்ந்ததாக இருக்கட்டும்’ என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. சார்ஜர் தனியாகச் செங்கல் கனம் கனக்கும். அதன் ஒயரை விரித்துப் போட்டால் நடப்பவர் காலில் மாட்டும்; ஒதுக்கிப் போட்டால் சுவர்வரை எட்டாது. வகுப்பில் உள்விசிறி இரைய ஆரம்பித்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சார்ஜர் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாங்கினால் அதுவே பெரிது. நூலகத்தில் வெளிச்சமான சன்னலோர மேசைகளை விட்டுவிட்டு, தூணுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் இருந்த மூலைக்குப் போவேன். அங்கேயும் எனக்கு முன்னால் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மொழியே சரியாக நாக்கில் புரளாத நாட்களில், முன்பின் தெரியாதவரிடம் போய் ‘உங்கள் சார்ஜரைச் சற்றுக் கழற்றிக்கொள்ள முடியுமா’ என்று கேட்டு நிற்பது எத்தனை கூச்சம் தரும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கடையில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டால் விளம்பரத்தில் உள்ள எண்ணைச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். 2020 இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏர் என்ற மடிக்கணினிக்கு அதைச் செய்த ஆப்பிள் நிறுவனமே இரண்டு எண்களைக் கொடுத்தது: படம் பார்த்தால் 18 மணி நேரம் வரை, இணையத்தில் உலாவினால் 15 மணி நேரம் வரை. ஒரே கருவிதான், செய்யும் வேலைக்கேற்ப எண் மாறுகிறது. இந்தச் சோதனைகளில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து அளப்பது வழக்கம். நீங்களோ வெளிச்சமான அறையில், பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வீடியோ அழைப்பிலும் பேசுவீர்கள். கேமரா, மைக், வைஃபை எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும் வீடியோ அழைப்பு பேட்டரியை வேகமாகத் தின்றுவிடும். விளம்பரத்தில் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தால் போதும் என்று கணக்கு வைத்துதான் நான் இப்போதெல்லாம் வாங்குகிறேன்.

பேட்டரியின் கொள்ளளவை வாட்-அவர் என்ற அளவில் குறித்திருப்பார்கள். அதை, கணினி சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். 56 வாட்-அவர் பேட்டரி உள்ள மெல்லிய கணினி 7 வாட் இழுத்தால் 8 மணி நேரம். 80 வாட்-அவர் பேட்டரி உள்ள விளையாட்டுக் கணினி சும்மா எழுதிக்கொண்டிருக்கும்போதே 25 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பேட்டரி பெரிதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

எவ்வளவு இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: கணினியின் மூளையான பிராசசர், திரை. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் பிராசசர்கள் பலவற்றில் பெயர் முடிவில் ஓரிரு எழுத்துகள் வரும். எச், எச்எக்ஸ் என்று முடிந்தால் அது வேகத்துக்காகச் செய்தது. யு என்று முடிந்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதற்காகச் செய்தது. இன்டெல் 2024இல் கொண்டுவந்த கோர் அல்ட்ரா 200 வரிசையில் வி என்று முடிபவையும் சிக்கனமானவை. ஆப்பிளின் எம் வரிசையும், குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசையும் கைப்பேசி பிராசசர்களைப் போன்ற கட்டமைப்பில் செய்தவை. அதனால் சிக்கனம் அவற்றின் பிறவிக் குணம். திரையைப் பொறுத்தவரை 13 அல்லது 14 அங்குலம் போதும். புள்ளிகள் மிக நெருக்கமாக உள்ள 4கே திரை வேண்டவே வேண்டாம். ஓஎல்இடி திரை கண்ணுக்கு அழகுதான். ஆனால் அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் வெள்ளைப் பக்கம் வந்தால் மின்சாரம் அதிகம் செலவாகும். மாணவர் நாள் முழுக்கப் பார்ப்பது வெள்ளைப் பக்கத்தைத்தானே?

எடை 1.4 கிலோவுக்குள் இருக்கட்டும். சார்ஜரையும் சேர்த்து எடை பாருங்கள். யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்பது மிக முக்கியம். ஏறினால் 65 வாட் அளவிலான சிறிய சார்ஜர் ஒன்றே கைப்பேசிக்கும் கணினிக்கும் போதும். மறந்துவிட்டு வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்கலாம். ரேம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம், 16 ஜிபி எடுங்கள். மெல்லிய கணினிகள் பெரும்பாலானவற்றில் அதை உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. மற்றபடி எந்த நிறுவனம், என்ன நிறம் என்பதெல்லாம் உங்கள் விருப்பம்.

இனி நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அறிவுரை சொல்வதில் நமக்கு அலாதியான ஆர்வம். தாங்கள் பல ஆண்டுகளுக்கு முன் எதை வாங்கினார்களோ அதையே வேதவாக்காகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்தது கையில் இருந்தால்தான் மதிப்பு என்று சொல்லிக் கடனில் இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘என்னிடம் பழையது ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, நம் பிள்ளை என்பதால் உனக்குத் தருகிறேன்’ என்று ஓய்ந்துபோன கருவியைத் தலையில் கட்டுகிறவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஊருக்குப் புதியவன் மறுத்துப் பேச மாட்டான் என்று தெரிந்தே செய்கிறார்கள். பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் பேட்டரியின் நிலையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மேக்கில் எத்தனை சைக்கிள் ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம்; பேட்டரியின் முழு அளவுக்குச் சமமான சார்ஜைச் செலவழித்தால் ஒரு சைக்கிள். இன்றைய மேக்புக் பேட்டரிகளுக்கு 1000 சைக்கிள் வரை கணக்கு. விண்டோஸிலும் பேட்டரி அறிக்கை எடுக்கலாம். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் அளவும் அருகருகே இருக்கும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அப்படிப்பட்டதை அன்பளிப்பாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

ஊரிலேயே வாங்கிக்கொண்டு வருவதா, வந்து வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். முடிந்தால் சேர்க்கைக் கடிதம் வந்தபின் துறை கேட்கும் மென்பொருள்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொறியியல் வரைபடத்துக்கான சாலிட்வொர்க்ஸ், நிலவரைபடத்துக்கான ஆர்க்ஜிஐஎஸ் புரோ போன்றவை விண்டோஸுக்காக மட்டுமே வருகின்றன; அவற்றை நம்பிய படிப்புக்கு மேக்புக் எவ்வளவு நேரம் நின்றாலும் பயனில்லை. ஸ்னாப்டிராகன் கணினிகளில் விண்டோஸ்தான் ஓடுகிறது என்றாலும், தேர்வின்போது கணினியைப் பூட்டிவைக்கும் மென்பொருள்களும் சில ஆய்வகக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்களும் அதில் வேலை செய்யாமல் போகலாம். துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டும் செல்லுமா என்று எழுத்தில் பாருங்கள். என்னோடு படித்த பெண்ணின் கணினியில் சில விசைகள் வேலை செய்யாமல் போனபோது, வேறு நாட்டில் வாங்கியது என்று சேவை மையத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஆய்வறிக்கை முழுவதையும் வெளி விசைப்பலகை ஒன்றைச் செருகித்தான் அடித்து முடித்தாள். வந்து வாங்குவதானால் விசைப்பலகையைக் கவனியுங்கள். பிரான்ஸில் எழுத்துகளின் வரிசையே வேறு. ஜெர்மனியில் ஒய் இருக்கும் இடத்தில் இசட் இருக்கும். பழகிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம். இன்று இந்த ஊர் விசைப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டே அடிக்கிறேன். தமிழும் அதில்தான் அடிக்கிறேன். வந்து பழகிக்கொண்டவற்றில் எனக்குப் பெருமை தருபவற்றில் இதுவும் ஒன்று.

ஊரிலிருந்து கொண்டுவருவதானால் சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் எந்த நாட்டிலும் போடலாம். பிளக்கின் முனை மட்டும்தான் மாறும், அதற்கு ஓர் அடாப்டர் போதும். மின்னழுத்தத்தை மாற்றும் கனமான பெட்டியை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். விமானத்தில் மடிக்கணினியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் அனுமதி, அதுவும் பொதுவாக 100 வாட்-அவர் வரை. கைப்பேசிக் கணக்கில் ஏறத்தாழ 27,000 எம்ஏஎச். அதற்கு மேல் 160 வாட்-அவர் வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

வாங்கிய பிறகு சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள். அறையில் எப்போதும் ஒயரில் வைத்து வேலை செய்வதானால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். நான் பிறகு சேர்த்த பணத்தில் வாங்கிய சிறிய கணினியை இப்படித்தான் பார்த்துக்கொண்டேன். அது வந்தபிறகுதான் சன்னலோர மேசையில் உட்கார்ந்து படித்தேன். மீதிப் படிப்பு அதில்தான் ஓடியது, அதற்குப் பிறகு முதல் வேலையிலும் அதுவே ஓடியது.

நீங்கள் எந்தத் துறையில் சேரப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே, தம்பி. துறையின் மென்பொருள் பட்டியல் கைக்கு வந்ததும், பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்று மாடல்களின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். பிராசசரும் வாட்-அவரும் எடையும் பார்த்து, எதை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.