தை மாதம் கல்யாணம். ஆறு சிட்டிங் லேசருக்குப் பணம் கட்டலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: வயது 25. கன்னத்தில் பருக் குழிகள். தாடையில் இன்னும் பரு வருகிறது. பருவுக்காக ஐசோட்ரெடினாயின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதத்தில் கல்யாணம். ஆறு சிட்டிங் லேசர் பேக்கேஜுக்கு இன்றே பணம் கட்டினால் பாதி விலை என்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். கணக்கே இடிக்கிறது. ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நான்கிலிருந்து ஆறு வாரம் இடைவெளி வேண்டும். ஆறு சிட்டிங் முடிய கிட்டத்தட்ட ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகும். குழிக்குள் புதுச் சதை பிடித்துப் பலன் தெரிய அதற்குப் பிறகும் சில மாதம். உங்களிடம் பேசியது டாக்டரா, கவுன்சலர் என்று மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரா? அவர் வேலை பேக்கேஜ் விற்பது. முகத்தை டாக்டர் தொட்டுப் பார்க்கும் முன் சிட்டிங் எண்ணிக்கையைச் சொல்கிற இடத்தில் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இன்னொன்று, நம் மாநிறத் தோலில் லேசர் சூடு பட்ட இடம் கறுத்துப்போவது சகஜம். அது மங்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்தக் கறுப்போடு மணவறையில் உட்கார வேண்டுமா?

இப்போது மாத்திரை விஷயம். இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஐசோட்ரெடினாயின் உடம்பில் இருக்கும்போது கரு உண்டானால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பிறகு முழுதாக ஒரு மாதமும் கரு நிற்கவே கூடாது. தாலி கட்டிய மறுமாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கிற ஊர் நம் ஊர். அதனால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கல்யாணத் தேதியை இன்றே சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது, அதுவரை என்ன பாதுகாப்பு என்று அவர் சொல்வார். வருங்காலக் கணவருக்கும் தெரியட்டும். வீட்டில் வேறு யாருக்கும் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். லேசர் போடுகிறவரிடமும் மறைக்காதீர்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும் கிரீம்' வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ஒரு வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, நிறுத்தினால் பரு கொத்தாகக் கிளம்பும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்தாயிற்று. இன்னும் மிட்டாய் மாதிரி எடுத்து நீட்டுகிறார்கள், கேட்பார் இல்லை. கெட்டுப்போன முகத்தோடு வரும் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

சரி, இந்த மூன்று மாதம் என்ன செய்வது? புதுப் பரு நிற்கட்டும். கிள்ளாதீர்கள். வெயிலில் இறங்கும் முன் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

இன்று இரவே ஒன்று செய்யுங்கள். கண்ணாடி முன் நின்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தைத் தடவுங்கள். விரலுக்குப் பள்ளம் தட்டவில்லை என்றால் அது வெறும் கறை, லேசர் இல்லாமலே மங்கும். பள்ளம் இருந்து, தோலை இழுத்தால் மறைகிறதா? உள்ளே நார் பிடித்து இழுக்கிறது. முதலில் டாக்டர் ஊசியால் அதை அறுத்துவிட வேண்டியிருக்கும். ஊசி குத்தியதுபோல் ஆழமாக, இழுத்தாலும் மறையாமல் இருந்தால் லேசர் மட்டும் போதாது. அந்த ஒவ்வொரு துளைக்குள்ளும் ஆசிட் வைப்பார்கள். எந்த வகை எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்து, கல்யாணம் முடிந்து வாருங்கள்.