ஆச்சரியக்குறியை எடுத்த பிறகும் செயலி நின்றுபோவது ஏன்?

கேள்வி: ஐபோனுக்கு ஒரு வீட்டுச் செலவுச் செயலியை ஸ்விஃப்ட் மொழியில் எழுதியிருக்கிறேன். செலவுப் பட்டியல் ஒரு ஆப்ஷனல் அரே, அதாவது மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடிய பட்டியல். சர்வரிலிருந்து புதிய கணக்கை எடுக்கத் தொடங்கும்போது அதை நில் (மதிப்பு ஏதுமில்லை) ஆக்கிவிட்டு, தரவு வந்ததும் நிரப்புகிறேன். அந்த இடைவெளியில் யாராவது ஒரு வரிசையை இடப்பக்கம் தள்ளி அழித்தால், எதிர்பாராமல் நில் கிடைத்ததாகக் கூறிச் செயலி மூடிக்கொள்கிறது. பட்டியலின் பெயருக்குப் பின்னால் இருந்த ஆச்சரியக்குறிக்குப் பதிலாகக் கேள்விக்குறி போட்டேன்; இப்போது வரிசைகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: 'நில்' என்று தமிழில் எழுதினாலே நிற்கச் சொல்வதாகத்தான் இருக்கிறது, உங்கள் செயலி சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. ஆச்சரியக்குறி, 'உள்ளே மதிப்பு கட்டாயம் இருக்கிறது' என்று நீங்கள் தரும் வாக்குறுதி. அது பொய்த்தால் ஸ்விஃப்ட் அங்கேயே நிறுத்திவிடும். கேள்விக்குறியோ, மதிப்பு இல்லாவிட்டால் அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஆனால், அடுத்த வரியில் இருக்கும், திரையிலிருந்து வரிசையை நீக்கும் டெலீட்ரோஸ் அழைப்பு வழக்கம்போல் நடக்கும்.

திரையில் 5 வரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை நீக்கச் சொன்னதும், வரிசைகளைத் திரையில் காட்டும் டேபிள்வியூ உங்கள் நிரலிடம் மீண்டும் எண்ணிக்கையைக் கேட்டு, 4 என்ற விடையை எதிர்பார்க்கும். பட்டியல் நில் என்பதால், இரட்டைக் கேள்விக்குறிக்குப் பின்னால் நீங்கள் மாற்றாகத் தந்திருக்கும் 0 போய்ச் சேருகிறது. கணக்கு இடிப்பதால்தான் இரண்டாவது பிழை. முதல் பிழையே இடம் மாறி வந்திருக்கிறது.

ஆகவே, பட்டியலில் நீக்குவதும் திரையில் நீக்குவதும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டிருக்க வேண்டும். மதிப்பு இருந்தால் மட்டுமே மேலே போகவிடும் கார்ட் வார் மூலம் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் இரண்டையும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். இருந்தால் முதலில் அரேயிலிருந்தும், பிறகு திரையிலிருந்தும் நீக்குங்கள். கார்ட் வார் தருவது அரேயின் நகல் என்பதால், அதில் நீக்கியதும், திரையில் நீக்குவதற்கு முன்பே, அதை மூலப் பட்டியலில் திரும்ப வைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் எண்ணிக்கை 5 ஆகவே இருந்து, அதே பிழை திரும்பி வரும்.

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியல் ஆப்ஷனலாக இருக்கவே தேவையில்லை. வெற்று அரேயாகத் தொடங்கி, புதிய தரவு கைக்கு வரும்வரை பழையதை அப்படியே வைத்திருந்து, வந்ததும் மெயின் த்ரெட்டில் (திரை வேலைகள் நடக்கும் முதன்மை இழையில்) பட்டியலை மாற்றி, திரையைப் புதுப்பிக்கும் ரீலோட்டேட்டாவை உடனே அழையுங்கள். 'தரவு வந்துகொண்டிருக்கிறது' என்று காட்ட ஆம்/இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு பூலியன் போதும்.