வீடியோவில் அகப்படாத ஈரல்: கடிதமும் பதிலும்

வணக்கம் சேர்,

நான் கொழும்பில் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். கிளினிக்கல்ஸ், அதாவது வாட்டில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சி, தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாட்டில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். பின்னுக்கு நிற்பவனுக்கு சேரின் முதுகுதான் தெரியும். அதனால் இரவில் போர்டிங்கில் இருந்து யூடியூப்பில் வயிற்றுப் பரிசோதனை, நெஞ்சுப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் போவேன். படிமுறைகள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் போன கிழமை ஒரு நோயாளியின் ஈரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னபோது எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை. அடுத்து வந்த பிள்ளை கை வைத்த உடனேயே 'இரண்டு விரற்கடை' என்றாள், விலாவுக்குக் கீழே ஈரல் அவ்வளவு இறங்கியிருக்கிறது என்று. 'முதலில் யூடியூப் பார்க்கிறதை நிப்பாட்டு' என்று சேர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

வீடியோ பார்ப்பது வீண்தானா? இன்னொன்று, நானும் நண்பர்களும் ஜூனியர்களுக்காகத் தமிழில் இப்படி வீடியோக்கள் எடுக்க யோசித்திருக்கிறோம். எடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நிப்பாட்ட வேண்டாம். ஆனால் உங்கள் சேருக்கு எரிச்சல் வந்ததும் சும்மா இல்லை.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் கட்டிலில் படுத்திருப்பவர் யார் என்று ஒருதரம் கவனியுங்கள். பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமான, மெலிந்த, இளவயதுத் தன்னார்வலர். அவருடைய ஈரல் விலா எலும்புகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. பரிசோதிப்பவரின் கைக்கு அங்கே ஒன்றும் அகப்படப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். இவற்றில் கணிசமானவை ஒஸ்கி (OSCE) என்ற செய்முறைப் பரீட்சையை மனதில் வைத்து எடுத்தவை. 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் உடனிருந்தவர்களும் அந்தப் பரீட்சை முறையை முன்வைத்தபோது நோக்கம் நியாயமானதுதான்: எல்லா மாணவருக்கும் ஒரே பணி, ஒரே அளவுகோல். பரீட்சகரின் அன்றைய மனநிலையை வைத்துப் புள்ளி ஏறி இறங்கக்கூடாது. ஆனால் புள்ளிப் பட்டியலுக்காக எடுத்த வீடியோ, கை எந்த ஒழுங்கில் எங்கெங்கே போக வேண்டும் என்பதைத்தான் காட்டும். போன கைக்கு என்ன தெரிந்தது என்பது அதில் இல்லை.

ஈரலையே எடுத்துக்கொள்வோம். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். வீடியோவில் பார்த்தால் கை ஈரலைத் தேடிப் போகிற மாதிரி இருக்கும். நடப்பது மறுவளம். நோயாளி மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள பிரிமென்றகடு இறங்கி ஈரலைக் கீழே தள்ளுகிறது. அந்த நேரத்தில் உங்கள் கை அசையாமல் காத்திருக்க வேண்டும். ஈரலின் விளிம்புதான் வந்து விரலில் தட்டும். கையை மேலே நகர்த்துவது மூச்சை விடும்போது. புதியவர்கள் மூச்சோடு சேர்த்துக் கையையும் நகர்த்திவிடுவார்கள், விளிம்பு வரும் இடத்தில் விரல் இருக்காது. சிலர் மிக மேலே தொடங்கி, பெரிதாகிப்போன ஈரலின் மேலேயே கையை வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தேடுவார்கள். கூடுதலாக அழுத்தினாலோ, நோயாளி வயிற்றை இறுக்கிவிடுவார். பிறகு ஒன்றும் தெரியாது. எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை எந்தக் கமராவாலும் சொல்ல முடியாது. தெரிந்த ஒருவர் உங்கள் கைமேல் தன் கையை வைத்துக் காட்ட வேண்டும். சேரிடம் கேட்கப் பயம் என்றால் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

அப்புறம், முகம். வயிற்றைத் தொடும்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். நோவு முதலில் தெரிவது அங்கேதான். வாய் திறந்து சொல்லாதவர்கள் நிறையப் பேர். கமராவோ கையைக் கிட்டப்போய்க் காட்டுகிறது, முகம் படத்திலேயே இல்லை. அப்படிப் பார்த்துப் பழகிய மாணவர்கள் வாட்டுக்கு வந்தும் தங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வீடியோவோடு எனக்குள்ள பெரிய வழக்கு இதுதான்.

இதயச் சத்தம் கேட்டுப் பழகுகிறீர்கள் என்றால் போன் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கும் மைட்ரல் ஸ்டெனோசிஸின் முணுமுணுப்பு மிகத் தாழ்ந்த சுருதியில் உருளும் சத்தம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வராது. நல்ல ஹெட்ஃபோன் போடுங்கள். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும்போதும், நுரையீரலைச் சுற்றி நீர் கட்டிய இடத்தில் சத்தம் மந்தமாவதைக் காது கேட்க முன்னமே நெஞ்சில் பதிந்திருக்கும் இடதுகை விரல் உணர்ந்துவிடும். டெங்குக் காய்ச்சலிலும் இப்படி நீர் கட்டுவதுண்டு, அது கூடும் காலத்தில் இதைப் பழக வாட்டில் இடம் நிறைய உண்டு. பெரும்பாலும் வலது பக்கத்தில் பாருங்கள்.

இதற்காக வீடியோவைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. நூல் முடிச்சுப் போடுவது, கிருமி படாமல் கையுறை அணிவது போன்றவற்றை வீடியோ நன்றாகவே படிப்பிக்கும். நூலைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே செய்யலாம், பிழைத்தால் கண்ணுக்கே தெரியும். நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆரும் அப்படித்தான். ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்று அளவு இருக்கிறது, பழகப் பொம்மை இருக்கிறது.

பார்க்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். பெய்ட்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1998இல் எழுதிய நான்கு படிகள் உண்டு. ஆசிரியர் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவார். பிறகு விளக்கி விளக்கிச் செய்வார். மூன்றாவதாக, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். கடைசியில்தான் மாணவரின் கை. உங்களைப் போன்றவர்கள் இரண்டாவதிலிருந்து நேரே கடைசிக்குத் தாவிவிடுகிறார்கள். மூன்றாவதை இரவில் போர்டிங்கிலேயே செய்யலாம்: சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஓடவிட்டு, அடுத்து என்ன, ஏன் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறீர்களோ அங்கேதான் உங்களுக்குத் தெரியாது.

சரி, தமிழ் வீடியோ. தாராளமாக எடுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். ஆகவே, முடியுமா என்ற கேள்விக்கு உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் பரீட்சையும் கட்டில் தலைமாட்டுக் குறிப்பும் ஆங்கிலத்தில்தான். உறுப்புக்கும் நோய்க்கும் புதுப் பெயர் தேடி மினக்கெட வேண்டாம். நோயாளியோடு பேசுவதைக் காட்டுங்கள், அதுவும் தமிழ், சிங்களம் இரண்டிலும். கொழும்பு வாட்டில் 'லொகு ஹுஸ்மக் கன்ன' (பெரிய மூச்சு எடுங்கள்) என்று சொல்லவும் 'ரிதெனவத' (நோகிறதா) என்று கேட்கவும் தெரியாமல், மூச்சை இழுக்கச் சொல்லிச் சைகை காட்டும் வடக்கு, கிழக்குப் பிள்ளைகளுக்கு வேறு யார் இதை எடுத்துத் தரப்போகிறார்கள்?

வாட்டில் போனைத் தூக்க வேண்டாம். நோயாளி தலையாட்டினாலும் வேண்டாம். படுத்த படுக்கையில் இருப்பவர் மறுப்பது கடினம். நண்பர்களே மாறி மாறிப் படுங்கள்.

முதல் வீடியோவாகக் கனுலா, அதாவது நாளத்துக்குள் விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், போடுவதை எடுங்கள், பயிற்சிக்கான செயற்கைக் கையில். செய்து காட்டுபவரின் தோளுக்குப் பின்னால் கமராவை வையுங்கள், எதிரே வைத்தால் இடம் வலமாகித் தெரியும். எல்லோரும் ஊசி பிடித்த கையைக் காட்டுவார்கள். நீங்கள் மற்றக் கையைக் காட்டுங்கள்: பெருவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்காவிட்டால் நாளம் வழுக்கி ஓடும். இரத்தம் எட்டிப் பார்த்ததும் ஊசியை வெளியே இழுத்துவிடுவதுதான் அநேகர் செய்வது. ஊசி முனை உள்ளே போயிருக்கும், பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே நிற்கும். சாய்வைக் குறைத்து இன்னும் இரண்டொரு மில்லிமீற்றர் உள்ளே விட்டு, பிறகு குழாயை மட்டும் வழுக்கிவிட வேண்டும். சரியாகச் செய்ததோடு பிழைத்ததையும் வெட்டாமல் விடுங்கள்.

வெளியிட முன் எனக்கு அனுப்புங்கள். அனுபவமுள்ள தாதி ஒருவருக்கும் காட்டுங்கள், முக்கியமாகப் பிளாஸ்டர் ஒட்டும் பகுதியை. நாம் ஒழுங்காக ஒட்டாமல் விட்ட கனுலாவோடு இரவு முழுக்க மல்லுக்கட்டுவது அவர்கள்தான்.