டாக்டரிடம் கேளுங்கள்: டிஎஸ்எச் கூடினாலும் சிக்கல், 'நார்மல்' என்றாலும் சிக்கல்

கேள்வி: எனக்கு வயது 44. தைராய்டு குறைவுக்குத் தினமும் 100 மைக்ரோகிராம் தைராக்சின் சாப்பிடுகிறேன். போன வருடம் 3 ஆக இருந்த டிஎஸ்எச் இப்போது 11. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், உடலில் தைராக்சின் குறைந்தால் அது ஏறும். ஆனால் அளவைக் கூட்டுவதற்கு முன் மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, பசியாற அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தே தாரேக்கோ காப்பியோ அந்த இடைவெளிக்குப் பிறகுதான். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகள் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 4 மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். புதிதாக ஒமெப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் முடியவே முடியாதென்றால், இரவு உணவுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது சாப்பிடலாம்.

பல நாள் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஃப்ரீ டி4 (இரத்தத்தில் உள்ள தைராக்சின்) சரியாகவும் டிஎஸ்எச் கூடுதலாகவும் வரும். ரிப்போர்ட்டே காட்டிக் கொடுத்துவிடும். பழக்கத்தைத் திருத்தி 6 வாரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுங்கள், அன்றைய மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வுக் கருவிகளில் அது எண்ணையே மாற்றிவிடும். அதற்குப் பிறகும் டிஎஸ்எச் இறங்காவிட்டால் அளவைக் கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: என் தங்கைக்குப் பிரசவத்தில் நிறைய இரத்தம் போய்விட்டது. பால் சுரக்கவே இல்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. 2 வருடமாக அசதி, குளிர் தாங்கவில்லை. டிஎஸ்எச் 2.1, 'தைராய்டு இல்லை' என்கிறார்கள்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: டிஎஸ்எச்சைச் சுரப்பது தைராய்டு அல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அதுவே பழுதானால் தைராய்டு எவ்வளவு தளர்ந்தாலும் டிஎஸ்எச் ஏறாது, அதனால் 2.1 என்ற எண்ணை இங்கே நம்ப முடியாது. கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும். அந்த நேரத்தில் இரத்தம் பெருமளவு வெளியேறினால் அதன் திசு மடிந்துபோகலாம். ஷீஹான் நோய் என்பது இதுதான். நீங்கள் எழுதிய அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன.

ஃப்ரீ டி4, காலை 8 மணிக் கார்ட்டிசோல் (பிட்யூட்டரி தூண்டி அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்), பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், மாதவிலக்கை இயக்கும் எஃப்எஸ்எச், எல்எச், கூடவே சோடியம் பார்க்கவேண்டும். பிறகு பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ. அரசாங்கக் கிளினிக்கில் பிரசவ விவரத்தை முதலிலேயே சொல்லி, நாளமில்லாச் சுரப்பி நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். பல இடங்களில் அதைச் சொல்லாததால்தான் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

சிகிச்சையில் வரிசை முக்கியம். கார்ட்டிசோல் குறைந்திருக்கும்போது தைராக்சினை முதலில் கொடுத்தால், உடலில் மிச்சமிருக்கும் கார்ட்டிசோலும் வேகமாகத் தீர்ந்து, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என உயிருக்கே ஆபத்தாகும். கார்ட்டிசோலை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில், தைராக்சின் பிறகு. தைராக்சின் அளவை ஃப்ரீ டி4 பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்காக உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

கேள்வி: தைராய்டு அதிகமாகி கார்பிமசோல் தொடங்கி 5 வாரம். தொண்டை வலி, காய்ச்சல். பனடோல் போதுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: போதாது. கார்பிமசோலை நிறுத்திவிட்டு இன்றே முழு இரத்த எண்ணிக்கை பாருங்கள். முதல் 3 மாதங்களில் இந்த மருந்து அரிதாக, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும். அணுக்கள் சரியாக இருந்தால், மருந்தை மறுபடி தொடங்குவதை டாக்டர் சொல்வார்.