ஆறு ஆண்டு பூட்டிக் கிடந்த கொல்லையை மீட்பது எப்படி?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீடு, அம்மா காலமான பிறகு ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் கொல்லை. அம்மா வைத்த ஒட்டு மா, கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை எல்லாம் புதருக்குள் எங்கோ இருக்கின்றன. கஜா புயலில் விழுந்த தென்னை ஒன்று அப்படியே கிடக்கிறது. இரண்டு தென்னைகள் நிற்கின்றன. பொக்லைன் விட்டால் அரை நாளில் சுத்தமாகிவிடும் என்கிறார் சித்தப்பா. களைக்கொல்லி அடித்துவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாசியில் பத்து நாள் விடுப்பில் வருகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பொக்லைன் வேண்டாம். ஆறு ஆண்டாக இலையும் சருகும் விழுந்து மக்கிய மேல்மண்தான் இப்போது அந்தக் கொல்லையில் உள்ள பெரிய சொத்து. இயந்திரம் முதலில் அதைத்தான் வழித்து ஓர் ஓரத்தில் குவிக்கும். அதன் எடையில் அடிமண்ணும் இறுகிப்போகும். கோரைக்கிழங்குகளை வெட்டிக் கொல்லை முழுவதும் பரப்பிவிடும் என்பது இன்னொரு தீங்கு. களைக்கொல்லியிலும் ஆபத்து உண்டு. இலையில் பட்டதை வேர்வரை கொண்டு செல்லும் வகை மருந்து, கறிவேப்பிலையைச் சுற்றி வேரிலிருந்து முளைத்திருக்கும் பக்கக் கன்றுகளின் மேல் பட்டால் தாய்மரத்தையும் தாக்கும். உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். நாளைக்குச் செடி வைக்கப்போகும் மண்ணில் அதைச் செய்யவே கூடாது.

பத்து நாளில் எட்டு சென்டையும் முடிக்க நினைக்காதீர்கள். வீட்டை ஒட்டிய கால் பங்கைச் சரியாக முடித்து, மற்ற இடத்தில் மரங்களை மட்டும் விடுவித்துவிட்டு வந்தால் போதும். மாசி நல்ல தேர்வுதான். மண்ணில் ஈரம் இன்னும் இருப்பதால் வேரோடு பிடுங்க வரும். அடுத்து வரும் பங்குனி, சித்திரை வெயில் பிடுங்கியதைக் காயவைத்துக் கொடுக்கும்.

முதல் நாள் அரிவாளை எடுக்காமல், நீண்ட கம்பு ஒன்றுடன் சுற்றிப் பாருங்கள். கிணறு, கழிவுநீர்த் தொட்டியின் மூடி, பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் குழாய் ஆகியவை எங்கே என்று அந்த வீட்டில் வளர்ந்த பெரியவர் ஒருவரைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம். கோவைக்கொடி படர்ந்த கிணற்றுச் சுவர் புதர் போலவே தெரியும். கழிவுநீர்த் தொட்டியின் பலகைக்கல் இற்றுப்போயிருந்தால் ஓர் ஆளின் எடையைக்கூடத் தாங்காது. மூடிக் கிடந்த கிணற்றுக்குள் விஷவாயு தங்கியிருக்கலாம் என்பதால், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். குழாய் வாய் திறந்திருந்தால் அன்றைக்கே மூடுங்கள்.

பாம்பு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் நம் ஊர்களில் உண்டு. அவற்றுக்கு ஓட ஒரு வழி விடுவதே பாதுகாப்பு. ஆகவே வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கி வேலியை நோக்கி வெட்டிக்கொண்டு போக வேண்டும். வேலிப் பக்கத்திலிருந்து தொடங்கினால், விரட்டப்பட்டவை எல்லாம் வீட்டுக்குள் வந்து சேரும். முழங்கால் வரை காலணி, கையுறை, நல்ல வெளிச்சம் மூன்றும் இல்லாமல் வேலையில் இறங்க வேண்டாம். குவியலைக் கையால் அள்ளாமல் வாருகோலால் இழுக்க வேண்டும். பாம்பைக் கண்டால் தீயணைப்புத் துறையின் 101-க்குச் சொல்லலாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும், கீறிவிடுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தென்னை உச்சியிலோ மாமரத்திலோ கதண்டு என்ற பெரிய விஷக் குளவியின் கூடு தெரிந்தால், அதை அகற்றும் வரை அந்த மரத்தடியில் வேலை நடக்கக் கூடாது.

இனி, எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காய்ந்தது போல் நிற்கும் கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உதிர்ந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தொடங்கும் இடம்தான் வெட்ட வேண்டிய இடம். உயிருள்ள ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால், கூலிக்கு வருபவர் தவறியும் வெட்டமாட்டார். தரையில் முளைத்திருப்பதை எல்லாம் களை என்று எண்ணிவிடவும் வேண்டாம். கீழாநெல்லி, தூதுவளை, ஆடாதொடை, பிரண்டை, மூக்கிரட்டை இவை கைவிடப்பட்ட கொல்லைகளில் தாமாகவே வந்திருக்கும். ஓரமாக ஒரு பாத்தி அளவுக்கு அவற்றை விட்டுவைப்பேன் நான்.

பிடுங்குவதில் பார்த்தீனியத்துக்கு முதலிடம். பூப்பதற்கு முன் கையுறையோடு வேரோடு பிடுங்க வேண்டும். அதன் மகரந்தம் மூச்சிழைப்பையும், செடி தோலில் படுவது கடும் அரிப்பையும் தரக்கூடியவை. பூத்த செடியை உரக்குழியில் போடாதீர்கள். வேலியோரத்தில் சீமைக்கருவேலம் வந்திருந்தால், தரைமட்டத்தில் வெட்டுவது வீண்வேலை. வேர்க்கட்டையிலிருந்தே நான்கைந்து கிளையாகத் திரும்ப வரும். கடப்பாரையால் கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் தீரும். கிணற்றுச் சுவர், கைப்பிடிச் சுவர் இடுக்குகளில் அரச, ஆலங்கன்றுகள் இருந்தால், இரண்டு செங்கல்லைப் பெயர்த்தாவது வேரை முழுதாக எடுத்துவிட்டுப் பூசிவிடுங்கள்.

உண்மையில் உங்கள் பொறுமையைச் சோதிக்கப்போவது கோரைதான். ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், தாள் மட்டும் கையோடு வந்துவிடும். அதே இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டியாகப் பெயர்த்து உடைத்தால், கறுத்த தோலும் மணமும் கொண்ட சிறு கிழங்குகள், கம்பி போன்ற வேரால் ஒன்றோடொன்று கோத்த மணிகளாக வெளிவரும். ஒவ்வொரு மணியும் தனியாக முளைக்கும். எனவே மேலே செதுக்குவதால் பயன் இல்லை. கோரை அடர்ந்த பகுதியை மட்டும் கட்டி கட்டியாகப் பெயர்த்து, கிடைத்த கிழங்குகளைச் சிமெண்ட் தரையில் பரப்பிச் சுருங்கும் வரை காயவிட்டு, மண்கட்டிகளைக் கோடை வெயிலுக்குத் திறந்தே வைத்துவிடுங்கள். மிஞ்சியவை மறுபடி தலைகாட்டும். புதிய கிழங்கு கட்டுவதற்கு முன், அதாவது தாள் தெரிந்த மூன்று வாரத்துக்குள் அடுத்த கொத்து விழ வேண்டும். நிழலைக் கோரை தாங்காது என்பது நமக்குச் சாதகம். ஆடியில் அந்த இடத்தில் பசுந்தாள் உரச்செடியான சணப்பையை நெருக்கமாக விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதுவிட்டால் மண்ணும் வளப்படும், கோரையும் ஒடுங்கும்.

விழுந்து கிடக்கும் தென்னையை இந்த வருகையிலேயே கவனித்தாக வேண்டும். 2018 நவம்பரில் விழுந்த மரம் இப்போது உள்ளே சோறு போல மக்கியிருக்கும். காண்டாமிருக வண்டு முட்டையிடுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. நிற்கும் இரண்டு தென்னைகளின் மட்டைகளைப் பாருங்கள்: கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரிந்தால் வண்டு குருத்தைக் குடைந்திருக்கிறது என்று பொருள். கிடக்கும் மரத்தைத் துண்டு போட்டுப் பிளந்து, உள்ளே வளைந்து கிடக்கும் பருத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் கொல்லையில் வைத்தால், வண்டுகள் வந்து விழும். நிற்கும் மரங்களில் காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் மட்டும் எடுங்கள். பச்சை மட்டையை வெட்டக் கூடாது.

மற்ற மரங்களில் முருங்கையை இடுப்பளவுக்குத் தயங்காமல் வெட்டலாம். புதிதாகத் துளிர்த்து வரும் கிளைகளில் காய்க்கும். கொய்யாவும் புதுக் கிளையில் காய்ப்பதுதான் என்பதால், பட்டதையும் உரசிக்கொள்ளும் கிளைகளையும் நீக்கி, நுனிகளை அரை அடிக்குக் கத்தரித்துவிட மாசி பொருத்தமான மாதம். மா இப்போது பூவும் பிஞ்சுமாக இருக்கும். காய்ப்பு முடியும் ஆடி வரை அதன் மேல் ஏறிய கொடிகளை மட்டும் அடியில் அறுத்து விடுங்கள். மேலே இருப்பது தானாகக் காய்ந்து உதிரும். ஒட்டுக்குக் கீழே, முண்டு போல் தெரியும் இடத்துக்கு அடியில் கிளைத்தவை நாட்டுமா. அவற்றை இப்போதே எடுத்துவிட வேண்டும். எந்த மரத்திலும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமையைக் குறைக்காதீர்கள் (முருங்கைக்கு இந்த விதி இல்லை). கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுவாய்களில் பூஞ்சை தாக்காமல் காக்கும் போர்டோ பசை தடவுங்கள்: நூறு கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), நூறு கிராம் சுண்ணாம்பு, ஒரு லிட்டர் நீர், இரும்புப் பாத்திரத்தில் கலக்க வேண்டாம்.

வெட்டிய தழையைக் கொளுத்தவே கூடாது. விதை பிடிக்காத தழையை மரங்களைச் சுற்றி, அடிமரத்தில் ஒட்டாமல், அரையடி கனத்துக்கு மூடாக்காகப் போட்டால், கோடையில் நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் ஈரத்தை அது காக்கும். பொக்லைனுக்கு வைத்திருந்த பணத்தை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து கோரையைக் கொத்திவிட்டுப் போக உள்ளூரில் ஒருவருக்குக் கூலியாகப் பேசிக் கொடுங்கள். கொல்லை உண்மையில் மீள்வது அந்தக் கொத்துகளால்தான்.

மல்லிகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பூக்கும் காலம் தொடங்கும் நேரம் இது. ஆகையால் சுற்றியிருக்கும் கொடியையும் பட்ட குச்சிகளையும் விலக்கி, அடியில் மக்கிய எரு ஒரு கூடை வைத்து, தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் அடுத்த விடுப்பை வைத்துக்கொண்டு வந்து, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்குப் புதர் முழுவதையும் கத்தரித்துவிட்டால், மறுபங்குனியில் புதுக்கிளை நிறைய மொட்டு வைக்கும்.