வாசகர் கேள்வி: மே மாத வெயிலில் ஒரு சிறுநீர்க் குப்பி

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், குளிர் காய்ச்சல். காலை ஏழு மணிக்கு வீட்டிலேயே மாதிரி பிடித்து வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு ஆட்டோவில் லேபுக்குக் கொண்டுபோனேன். ‘பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறு மாதிரி தரவும்’ என்று ரிப்போர்ட் வந்தது. அதற்கே இரண்டு நாள். வெளியே 44 டிகிரி கொளுத்துகிறது. வெயிலில் வைத்தாலே கிருமி வளர்ந்துவிடுமே, பெட்டிக்குள் வைத்து ஏன் இத்தனை நேரம் எடுக்கிறார்கள்?
— வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: முதலில் ஒன்று, அம்மா. இந்த வயதில் குளிர் காய்ச்சல் என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மறு மாதிரியைப் பிடித்துக் கொடுத்த கையோடு அவர் மருந்தைத் தொடங்குவார். ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார்.

இனி அந்த மூன்று மணி நேரத்துக்கு வருகிறேன். சிறுநீர்த் தொற்றில் அதிகம் அகப்படும் ஈ.கோலை என்ற கிருமி, நல்ல ஊட்டமும் உடல்சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிறுநீரில் அத்தனை வேகம் இல்லை, அரை மணிக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு சுத்தமாகப் பிடித்தாலும் தோலிலிருந்து கொஞ்சம் கிருமி குப்பிக்குள் இறங்கத்தான் செய்யும். அது மில்லிலிட்டருக்கு 1,000 என்றால் பத்து மணிக்கு 64,000 ஆகியிருக்கும். ஒரு லட்சத்தைத் தொட்டால் தொற்று என்று கொள்வது நெடுநாள் வழக்கம். தோலில் இருந்து வந்தது எது, நோய் தந்தது எது என்று அப்போது யாரால் பிரிக்க முடியும்? ஏதோ ஒரு கிருமியின் பெயரை எழுதி அனுப்பாமல் மறு மாதிரி கேட்டார்களே, அது நேர்மையான லேப்.

அறை வெப்பத்தில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது விதி. தில்லியில் ஜனவரி அறையும் மே அறையும் ஒன்றா? மே மாதத்தில் அந்த இரண்டு மணி நேரத்தையும் நான் நம்பமாட்டேன். பிடித்தவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் 24 மணி நேரம் வரை எண்ணிக்கை பெரிதாக மாறாது. புறப்படும்போது குப்பியை இறுக மூடி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பனிக்கட்டி நிரப்பிய தூக்குவாளியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். இது சிறுநீருக்கு மட்டும். கல்ச்சருக்கான, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான ரத்தத்தையும் தண்டுவட நீரையும் ஒருபோதும் குளிரில் வைக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் தரும் கிருமிகளில் சில குளிரில் செத்துப்போகும்.

இரண்டு நாள் ஏன்? முதல் நாள் இரவு கிருமி வளர்கிறது. மறுநாள், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க, தட்டில் தனித்து நிற்கும் ஒரு கிருமிப் புள்ளியைத் தொட்டு எடுத்து, உப்புநீரில் குறிப்பிட்ட அளவு கலங்கும்வரை கரைத்து, கிருமி வளர்க்கும் கூழான அகர் 4 மில்லிமீட்டர் தடிமனில் உறைந்திருக்கும் தட்டில் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில் பூசுவோம். மேலே 6 மில்லிமீட்டர் அகலமுள்ள மருந்துத் தாள்வில்லைகளை வைத்துத் தட்டைக் கவிழ்த்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுவோம். காலையில் எடுத்தால் தட்டு முழுதும் பாலாடை படிந்ததுபோல் கிருமி, வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். ஒரு வில்லையைச் சுற்றி வட்டமே இல்லாமல் ஆடை அதன் விளிம்பை ஒட்டி வளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, 31 ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்த மருந்து அந்த நோயாளிக்கு இனி உதவாது.

மருந்து அகரில் பரவுவதற்கும் கிருமி பெருகுவதற்கும் நடக்கும் பந்தயம்தான் அந்த வட்டம். சூடு மாறினால் இரண்டின் வேகமும் மாறும். எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் மருந்து கேட்கும் என்ற அட்டவணை 35 டிகிரியை வைத்து வகுத்தது, உங்கள் மொட்டைமாடி வெயிலுக்கு அது பொருந்தாது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி 35-ஐத் தாண்டிய சூட்டில் தன் எதிர்ப்பைக் காட்டாமல் ஏமாற்றிவிடவும் கூடும். அப்போது கேட்காத மருந்து ‘கேட்கும்’ என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

ஒரு ஜூன் இரவு எங்கள் லேபில் ஏ.சி. நின்றுபோனது. தட்டுகளை வைக்கும் பெட்டியான சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை கொதித்தால் அதுவும் கொதிக்கும். காலையில் உள்ளே வெப்பமானி 39 காட்டியது. தினமும் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஈ.கோலை தட்டில் ஜென்டாமைசின் என்ற மருந்தின் வட்டம் 19 முதல் 26 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அன்று 17. அன்றைய தட்டுகள் அத்தனையையும் கழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒரு நோயாளியின் மகன் வரவேற்பறையில் நின்று கத்தினார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் அந்தத் தட்டைப் படித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறு மாதிரியை முதல் மாத்திரைக்கு முன்பே பிடித்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் அதன் பெயரையும் கொடுத்த நேரத்தையும், சிறுநீர் பிடித்த நேரத்தோடு சேர்த்துக் குப்பியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.